ஆறு விநாடி காக்க வைக்கும் காவல்: போஸ்ட்ஸ்க்ரீனோடு மூன்று வருடம்

43 பேருக்கு மின்னஞ்சல் சர்வர் நடத்துகிறேன். எல்லோரும் மொழிபெயர்ப்பாளர்கள். வேலை இருக்கிறது என்று வரும் கடிதம், திருத்தம் கேட்டு வரும் கடிதம், பணம் அனுப்பியாயிற்று என்று வரும் கடிதம், எல்லாமே இந்த ஒரு சர்வர் வழியாகத்தான் அவர்களிடம் போய்ச் சேர்கின்றன. ஒரு கடிதம் தவறினால் ஒருவருடைய ஒரு மாத வேலை கைநழுவலாம். அதனால் ஸ்பேம் தடுக்கும் கருவிகளை நான் இரண்டு கேள்விகளோடுதான் பார்ப்பேன். எவ்வளவு குப்பையைத் தடுத்தது? தடுக்கும் மும்முரத்தில் நல்ல கடிதம் எதையாவது திருப்பி அனுப்பியதா? இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரியது.

மூன்று வருடத்துக்கு முன் இந்தச் சர்வர் திணறிக்கொண்டிருந்தது. அப்போதும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் சர்வர் மென்பொருள்தான் ஓடியது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு இணைப்புக்கும் அது ஒரு ப்ராசஸை, அதாவது தனியாக ஓடும் ஒரு வேலையாளை, ஒதுக்கும். ஒரே நேரத்தில் 100 என்பது இயல்பான வரம்பு. அந்த 100 இடத்தையும் தானாகக் குப்பைக் கடிதம் தள்ளும் ஸ்பேம் பாட்கள் பிடித்துக்கொள்ள, முறையான சர்வர்கள் வெளியே காத்துக்கிடக்கும். உள்ளே வந்த கடிதங்களை ஸ்பேம்அசாசின் என்ற வடிகட்டி ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்து மதிப்பெண் போடும். சரியாகவே போட்டது. ஆனால் குப்பை மொத்தத்தையும் உள்ளே வாங்கிப் படித்துப் பார்த்துத்தான் குப்பை என்று சொல்ல வேண்டியிருந்தது. சிறிய இயந்திரம் அது, தாங்கவில்லை.

வாசலிலேயே நிறுத்த ஏதாவது வேண்டும் என்று தேடினேன். அது போஸ்ட்ஃபிக்ஸுக்குள்ளேயே இருந்தது. பெயர் போஸ்ட்ஸ்க்ரீன். வீட்சா வெனெமா ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தபோது எழுதிய போஸ்ட்ஃபிக்ஸ் 1998இல் வெளிவந்தது. 2011இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து போஸ்ட்ஸ்க்ரீன் அதன் ஒரு பகுதி. இத்தனை வருடம் அதே மென்பொருளை வைத்துக்கொண்டு இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். மாஸ்டர் கான்ஃபிக் கோப்பில் பழைய வரி ஒன்றை அணைத்து, ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் சில வரிகளின் முன்னால் உள்ள குறியை எடுத்தாலே ஓடத் தொடங்கிவிடும்.

இது என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கான எஸ்எம்டிபி முறையில், கடிதம் வாங்கும் சர்வர்தான் முதலில் பேச வேண்டும். 220 என்று தொடங்கும் ஒரு வரவேற்பு வரியை அது அனுப்பிய பிறகே வந்தவர் தன் பெயரைச் சொல்லலாம். வரவேற்பு பல வரிகளாக இருந்தால், கடைசி வரி தவிர மற்றதிலெல்லாம் 220க்குப் பின்னால் ஒரு சிறுகோடு இருக்கும். ‘இன்னும் முடிக்கவில்லை, பொறுங்கள்’ என்று அதற்குப் பொருள். போஸ்ட்ஸ்க்ரீன் சிறுகோடு போட்ட அந்த வரியை மட்டும் அனுப்பிவிட்டு 6 விநாடி சும்மா இருக்கும். முறையாக எழுதப்பட்ட எந்த மின்னஞ்சல் சர்வரும் பொறுத்திருக்கும். ஸ்பேம் பாட் பொறுக்காது. 220 என்ற எண்ணைப் பார்த்ததுமே பேச ஆரம்பித்துவிடும். பல பாட்கள் அதைக்கூடப் பார்ப்பதில்லை.

பாட்களின் இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. வைரஸ் பிடித்த யாரோ ஒருவருடைய கணினியில் உட்கார்ந்துகொண்டு அது கடிதம் அனுப்புகிறது. அந்த ஐபி முகவரி தடைப் பட்டியலில் ஏறுவதற்குள் எத்தனை கடிதம் தள்ள முடியுமோ அத்தனையும் தள்ள வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் 6 விநாடி நின்றால் அதன் கணக்கு தவறிப்போகும். அதன் தொழிலே அவசரம் என்பதால், அந்த அவசரத்தை வைத்தே அடையாளம் காண்கிறது போஸ்ட்ஸ்க்ரீன். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, எந்த மொழியில் இருக்கிறது என்ற கேள்விக்கே இடமில்லை. ஐந்தாறு மொழிகளில் கடிதம் வாங்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய நிம்மதி. சொற்களை வைத்து வடிகட்டும் கருவிகள், பழக்கமில்லாத மொழியில் வந்த நல்ல கடிதங்களைப் பலமுறை குப்பையில் போட்டிருக்கின்றன.

முதல் நாள் லாகில், அதாவது சர்வர் தன் நடவடிக்கைகளை எழுதி வைக்கும் கோப்பில், ஒரு வரி வந்தது. ‘ப்ரீக்ரீட் 14’ (வரவேற்பு முடியும் முன்பே பேசியது) என்று தொடங்கி, 0.18 விநாடியில் பேசியது என்றும், பேசியது என்ன என்றும் காட்டியது. 14 என்பது அது அனுப்பிய பைட்டுகளின் எண்ணிக்கை. தன் பெயர் ‘ஒய்எல்எம்எஃப்-பிசி’ என்று அது சொல்லியிருந்தது. மின்னஞ்சல் சர்வர் நடத்துகிறவர்கள் பலருக்கும் இந்தப் பெயர் தெரியும். பல வருடமாகக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் பாட் அது. எத்தனையோ நாள் என் சர்வரின் இடங்களை அடைத்துக்கொண்டிருந்த ஒன்று 0.18 விநாடியில் தன்னைத் தானே காட்டிக்கொடுத்ததைப் பார்த்ததும் அன்று முழுக்க மனம் லேசாக இருந்தது.

இந்த 6 விநாடியும் ஒவ்வொரு முறையும் கிடையாது. ஒருமுறை தேறிய ஐபி முகவரியை ஒரு நாள் வரை நினைவில் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை நேரே உள்ளே விட்டுவிடும். இத்தனையையும் ஒரே ஒரு ப்ராசஸ் பார்த்துக்கொள்கிறது. பாட்கள் எத்தனை வந்து நின்றாலும் உள்ளே இருக்கும் 100 இடங்கள் முறையானவர்களுக்கே கிடைக்கின்றன. என் இயந்திரத்தின் திணறல் தடுப்பை இயக்கிய வாரமே நின்றது.

காக்க வைக்கும் அந்த 6 விநாடிக்குள் இன்னொரு வேலையும் நடக்கிறது. வந்தவரின் முகவரி தடைப் பட்டியல்களில் இருக்கிறதா என்று, இணையத்தில் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் வழியாக விசாரிக்கிறது. முறை எளிது. 192.0.2.45 என்ற முகவரி என்றால், அதைத் திருப்பி 45.2.0.192 என்று எழுதி, பின்னால் பட்டியலின் பெயரைச் சேர்த்துக் கேட்கும். பதில் வந்தால் பட்டியலில் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. நான் முக்கியமாக நம்புவது ஸ்பாம்ஹவுஸின் ஜென் பட்டியலை. 1998இல் ஸ்டீவ் லின்ஃபோர்ட் தொடங்கிய அமைப்பு அது. அறியப்பட்ட ஸ்பேம் மூலங்கள், வைரஸ் பிடித்த கணினிகள், நேரடியாகக் கடிதம் அனுப்பவே கூடாத வீட்டு இணைப்புகள் ஆகிய மூன்று வகையும் ஒரே கேள்வியில் தெரிந்துவிடுகின்றன. மூன்றாவது வகையில் ஒரு நல்ல விஷயம் உண்டு. அந்த முகவரிகளில் பலவற்றை இணையச் சேவை நிறுவனங்கள் தாங்களாகவே கொடுத்திருக்கின்றன. ‘எங்கள் வாடிக்கையாளர்களின் வீட்டிலிருந்து நேரடியாகக் கடிதம் வந்தால் வாங்காதீர்கள்’ என்று முன்வந்து சொல்லும் நிறுவனங்களும் உண்டு என்பதை, பின்னால் நான் சொல்லப்போகும் நிறுவனத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு மதிப்பெண் கொடுக்கலாம். ஜென்னுக்கு 3, மற்ற இரண்டுக்கு 1, மொத்தம் 3 வந்தால் தடு என்று வைத்திருக்கிறேன். நல்லவர்களின் பட்டியலுக்குக் கழித்தல் மதிப்பெண்ணும் போடலாம். அந்த மற்ற இரண்டில் ஏதோ ஒன்று ஒரு நாள் தவறு செய்தால், அதற்காக ஒருவருடைய கடிதம் திரும்பிப் போகாது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இதே இடத்தில்தான் பெரிய தவறு ஒன்றையும் செய்தேன். புது இயந்திரத்துக்கு மாறியபோது, அதில் டிஎன்எஸ் கேள்விகள் எல்லோருக்கும் பொதுவான ஒரு ரிசால்வர் (அந்தக் கேள்விகளுக்கு விடை தேடித் தரும் சர்வர்) வழியாகப் போகும்படி இருந்தது. அப்படிப்பட்ட பொது ரிசால்வர்கள் வழியே வரும் கேள்விகளுக்கு ஸ்பாம்ஹவுஸ் பதில் தருவதில்லை; 127.255.255.254 என்ற பிழை எண்ணைத்தான் தரும். இதை அவர்கள் தங்கள் ஆவணத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நான் ‘எந்தப் பதில் வந்தாலும் தடு’ என்று கான்ஃபிக் எழுதி வைத்திருந்தேன். விளைவு, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உலகத்தில் யார் அனுப்பினாலும் கடிதம் திரும்பிப் போனது. 43 பேருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இப்போது அதே இயந்திரத்தில் அன்பவுண்ட் என்ற சொந்த ரிசால்வர் ஓடுகிறது. 127.0.0.2 முதல் 127.0.0.11 வரை வரும் பதிலை மட்டுமே தடையாக எடுத்துக்கொள்ளும்படி வரியைத் திருத்தியிருக்கிறேன். புதிதாக அமைப்பவர்கள் ஒரு சோதனை செய்துவிட்டே அடுத்த அடி வைக்க வேண்டும். 127.0.0.2 என்ற முகவரியைக் கேட்டால் பட்டியலில் இருப்பதாகப் பதில் வர வேண்டும், 127.0.0.1ஐக் கேட்டால் வரக் கூடாது. இந்த வகைப் பட்டியல்களுக்கெல்லாம் அது பொது விதி.

போஸ்ட்ஸ்க்ரீனில் நான் அணைத்து வைத்திருக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. வரவேற்புக்குப் பிறகு நடக்கும் ஆழமான சோதனைகள். வந்தவர் தன் முறைக்குக் காத்திருந்து ஒவ்வொரு கட்டளையாக அனுப்புகிறாரா, வரிகளைச் சரியாக முடிக்கிறாரா என்று பார்க்கும். சோதனை நல்லதுதான். ஆனால் அதில் தேறியவரை அந்த இணைப்பிலேயே உள்ளே அனுப்ப இதற்கு வழியில்லை. ‘பிறகு வாருங்கள்’ என்று சொல்லி அனுப்பி, அவர் திரும்ப வரும்போதுதான் விடும். பெரிய மின்னஞ்சல் நிறுவனங்கள் திரும்ப வரும்போது வேறு ஐபி முகவரியிலிருந்து வரும், மறுபடி சோதனை, மறுபடி ‘பிறகு வாருங்கள்’. எங்கள் குழுவின் மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒரு மாலை என்னைக் கூப்பிட்டார். “தம்பி, காலையிலேயே அனுப்பிட்டோம்னு சொல்றாங்க, எனக்கு இன்னும் வரலையேப்பா. நாளைக்குள்ள முடிச்சுக் கொடுக்கணும்.” லாகில் பார்த்தால் அந்தக் கடிதம் ஏழு வெவ்வேறு முகவரிகளிலிருந்து ஏழு முறை வந்து தட்டியிருந்தது. அன்றே அந்தச் சோதனைகளை அணைத்தேன். 6 விநாடிக் காத்திருப்பும் தடைப் பட்டியலும் மட்டும் போதும் என்பதே என் தீர்மானம், மூன்று வருடமாக அதை மாற்றத் தேவை வரவில்லை.

சரி, இனி போஸ்ட்ஸ்க்ரீனால் முடியாததைச் சொல்ல வேண்டும்.

பாட்களின் சத்தம் அடங்கிய பிறகு லாகில் இன்னொரு வகை தெரியத் தொடங்கியது. இவர்களுக்கு அவசரம் கிடையாது. முறையான சர்வர் வைத்திருக்கிறார்கள், 6 விநாடி என்ன, ஒரு நிமிடம் நின்றாலும் பொறுமையாக நிற்பார்கள். ஒரே ஹோஸ்டிங் நிறுவனத்தில் நூற்றுக்கணக்கான முகவரிகளை வரிசையாக வாடகைக்கு எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றிரண்டு கடிதம் மட்டும் அனுப்புவார்கள். பனியில் புதையாமல் நடக்க அகலமான காலணி போட்டு எடையைப் பரப்புவதுபோல, குற்றத்தைப் பரப்பிவிடுவதால் இதற்கு ஸ்னோஷூ ஸ்பேம் என்று பெயர். தனியாகப் பார்த்தால் எந்த முகவரியும் பட்டியலில் ஏறும் அளவுக்குத் தவறு செய்திருக்காது.

நான் முதலில் நேர்வழியில்தான் போனேன். ஹூயிஸ் பதிவில் அந்த முகவரிகள் யாருடையவை என்று பார்த்து, அந்த நிறுவனத்தின் புகார் முகவரிக்கு எழுதினேன். ஒவ்வொரு நிறுவனமும் புகார் வாங்க ‘அப்யூஸ்’ என்ற பெயரில் ஒரு அஞ்சல் பெட்டி வைத்திருக்க வேண்டும் என்பது 1997 முதலே இணையத்தில் எழுதி வைத்த நடைமுறை. முழுத் தலைப்புப் பகுதியோடு, நேரத்தோடு, மூன்று மாதிரிக் கடிதங்களை இணைத்து அனுப்பினேன். ஒரு புகார் எண் வந்தது. மறுநாள் அதே முகவரித் தொகுதியில் பக்கத்து எண்ணிலிருந்து அதே கடிதம் வந்தது. மீண்டும் எழுதினேன், மீண்டும் ஒரு புகார் எண். ஐந்தாவது முறை, உங்கள் புகாரை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தது. அதாவது நான் இணைத்த மாதிரிகளை, என் முகவரியோடு, ஸ்பேம் அனுப்பியவரிடமே கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த நிறுவனத்தை நான் பாதிக்கப்பட்ட இடைத்தரகராக நினைப்பதில்லை. வாடகை வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வதும் ஒரு பங்கு என்றே நினைக்கிறேன்.

நிறுவனங்கள் கண்ணைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2008 நவம்பர் 11 ஒரு சாட்சி. மெக்கோலோ என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு மேல்நிலை நிறுவனங்கள் அன்று அதைத் துண்டித்தன. உலகத்தின் பெரிய பாட் படைகள் பலவற்றுக்குக் கட்டளை கொடுக்கும் சர்வர்கள் அந்த ஒரே இடத்தில்தான் இருந்தன. ஒரே நாளில் உலகம் முழுவதும் ஸ்பேம் பாதிக்கும் கீழே இறங்கியது. சில மாதங்களில் அந்தப் படைகள் வேறு இடம் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தன என்பதும் உண்மை. ஆனாலும், லட்சக்கணக்கான சர்வர்களில் ஆயிரக்கணக்கானோர் வருடக்கணக்கில் வடிகட்டி முடியாததை இரண்டே நிறுவனங்கள் செய்து காட்டின.

எனக்கு யாரையும் துண்டிக்கும் அதிகாரம் இல்லை. என் வாசலை மட்டும் அடைக்கலாம். கோபத்தில் அந்த நிறுவனத்தின் முகவரித் தொகுதியை, 1024 முகவரிகளையும் சேர்த்து, ஃபயர்வாலில் அடைத்தேன். நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது, எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு வேலை கொடுக்கும் சிறு பதிப்பகத்தின் சர்வரும் அதே தொகுதியில் இருந்தது. அவர்கள் விவரம் தெரியாமல் அங்கே இடம் வாங்கியவர்கள். ஃபயர்வாலில் அடைத்தால் திருப்பி அனுப்பினோம் என்ற செய்திகூட அவர்களுக்குப் போகாது, நாள்கணக்கில் கடிதம் வரிசையிலேயே கிடக்கும். போஸ்ட்ஸ்க்ரீன் தடுக்கும்போது காரணத்தோடு பதில் சொல்லும், அனுப்பியவருக்கு உடனே தெரியும். இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது அந்த நான்கு நாளில் புரிந்தது.

அதற்குப் பிறகு நானாக எந்தத் தொகுதியையும் ஃபயர்வாலில் நிரந்தரமாக அடைப்பதில்லை. அங்கே இருப்பது ஸ்பாம்ஹவுஸின் டிராப் பட்டியல் மட்டும். ‘வழியும் விடாதே, உறவும் வைக்காதே’ என்ற பொருளில் வைத்த பெயர் அது. குற்றக் கும்பல்கள் கைப்பற்றிய, அல்லது முழுக்க அவர்கள் கையிலேயே இருக்கிற தொகுதிகள்தான் அதில் இடம்பெறும். நல்லவரும் கெட்டவரும் கலந்து வாழும் இடம் அதில் வராது. முன்பு இடிராப் என்று தனியாக இருந்ததையும் 2024இல் இதோடு சேர்த்துவிட்டார்கள். இலவசம், ஒரு நாளைக்கு ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும், லினக்ஸின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில் ஒரு செட்டாகப் போட்டுவிட்டால் இயந்திரத்துக்குச் சுமையே தெரியாது. இதில் வராத, ஆனால் புகாரை மதிக்காத நிறுவனங்களின் தொகுதிகளுக்கு உள்ளே ஸ்பேம்அசாசினில் சில மதிப்பெண் கூட்டுகிறேன். கடிதம் உள்ளே வரும், சந்தேகத்தோடு படிக்கப்படும். அந்தச் சிறு பதிப்பகத்தின் கடிதங்கள் இப்போது தடையில்லாமல் வருகின்றன.

உறுப்பினர்கள் கடிதம் அனுப்பப் பயன்படுத்தும் தனி வாசலான 587ஆம் போர்ட்டில் போஸ்ட்ஸ்க்ரீனை வைக்கவே கூடாது. அவர்கள் வீட்டு இணைப்பிலிருந்துதானே வருவார்கள், தடைப் பட்டியல் முதலில் அவர்களைத்தான் தடுக்கும். அங்கே கடவுச்சொல் ஊகிப்பவர்களுக்கு ஃபெயில்2பேன் வைத்திருக்கிறேன். இயல்பாக அது 10 நிமிடத்தில் 5 தவறுக்கு 10 நிமிடம் தடை போடும். நான் தடைக் காலத்தை ஒரு மணி நேரமாக்கியிருக்கிறேன். அதன் ‘ரெசிடிவ்’ பகுதியையும் இயக்கிவிட்டால், திரும்பத் திரும்பத் தடை வாங்குகிறவர்களை ஒரு வாரத்துக்கு வெளியே வைக்கும்.

சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் நடத்துகிறவர்களுக்கு போஸ்ட்ஸ்க்ரீனை மனதாரச் சிபாரிசு செய்வேன். 5க்கு 4 கொடுக்கிறேன். ஒன்று குறைவது, தேறியவரை அதே இணைப்பில் உள்ளே அனுப்ப முடியாத அந்த ஆழமான சோதனைகளுக்காக. ஆவணம் விரிவானது, நேர்மையானது, தன் குறையை அதுவே எழுதி வைத்திருக்கிறது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அமைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், 3.6 பதிப்பில் சில அமைப்புகளின் பெயர்கள் மாறிவிட்டன.

அப்புறம், நிறுவிய அன்றே தடுக்க ஆரம்பிக்காதீர்கள். இயல்பில் அது யாரையும் தடுக்காமல் லாகில் எழுத மட்டும் செய்யும். அந்த ‘இக்னோர்’ நிலையிலேயே ஒரு வாரம் விட்டு, ‘ப்ரீக்ரீட்’ வரிகளை நீங்களே உட்கார்ந்து படியுங்கள். அவசரப்படுகிறவர்கள் எல்லோரும் பாட்கள் அல்ல. எங்கள் லாகில் அப்படி இரண்டு முகவரிகள் இருந்தன. ஒன்று ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தின் பழைய ஸ்கேனர். மற்றது ஒரு அச்சகத்தின் கணக்கு மென்பொருள், பணம் அனுப்பியதாக எங்களுக்குச் சொல்வதே அதுதான். இரண்டையும் அனுமதிப் பட்டியலில் சேர்த்த பிறகே ‘என்ஃபோர்ஸ்’ என்று மாற்றினேன்.